அமெரிக்க மாப்பிள்ளையின் தரப்பு: மதுரையில் படம் பார்ப்போருக்கு ஒரு திறந்த மடல்

பராசக்தி (1952) ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றிய படம். மதுரையில் அதை அப்படி யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை. கோர்ட் சீன், கலைஞர் வசனம், சிவாஜிக்கு முதல் படம் என்ற மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். கதையோ ரங்கூனுக்குப் பிழைக்கப் போன மூன்று மதுரைக்காரர்களுடையது. ஊரில் தங்கை கல்யாணிக்குக் கல்யாணம். போர்க்காலம் என்பதால் கப்பலில் ஒருவருக்குத்தான் இடம் கிடைக்கிறது. கடைக்குட்டி குணசேகரன் புறப்படுகிறான். முகூர்த்தம் முடிந்து மாதக்கணக்கான பிறகு சென்னையில் இறங்குகிறான். இறங்கிய கையோடு கொண்டுவந்த பணம் அத்தனையும் பறிபோகிறது. மூத்தவர் சந்திரசேகரன் திருச்சியில் நீதிபதியாகிறார். நடுவில் உள்ள ஞானசேகரன் பர்மாவிலிருந்து நடந்தே வருகிறான். வழியில் குண்டடிபட்டுக் காலை இழந்து, பிச்சைக்காரர்களோடு சேர்கிறான். இது கற்பனைக்காகச் சேர்த்த சோகம் அன்று. 1942இல் ஜப்பானியப் படை நெருங்கியபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி அசாம் பக்கமும் அரக்கான் பக்கமும் நடந்தே வந்தார்கள். வந்து சேராதவர்களும் ஏராளம்.

ஏமாந்தவன், பதவிக்கு வந்தவர், காலிழந்தவன் என்று, போனவர்களுக்கு நேரக்கூடிய மூன்றையும் ஒரே குடும்பத்துக்குள் வைத்ததுதான் அந்தக் கதையின் கெட்டிக்காரத்தனம். அண்ணன்மார் இல்லாத நாட்களில் ஊரில் இருந்தவளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் படம் விடவில்லை. கணவனும் தகப்பனும் போய், கைக்குழந்தையோடு இட்லி சுட்டு விற்கிறாள் கல்யாணி. பிள்ளைகள் அக்கரையில் இருக்கும் வீடுகளில் இன்றும் அதே கதைதான். இட்லிக் கடைக்குப் பதில் ஆஸ்பத்திரி வராந்தா. தங்கம் தியேட்டர் திறக்கப்பட்டதே 1952 தீபாவளிக்கு இந்தப் படத்தோடுதான் என்பதை மதுரையில் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று பேர் வாங்கிய அந்த இடத்தில் இப்போது துணிக்கடை இருக்கிறது. வெளியூர்க்காரர்களை அழைத்துப் போய்க் காட்ட இனி அங்கே எதுவும் இல்லை.

பிறகு வந்த படங்கள் அந்த மூவரையும் பிரித்துப் போட்டுவிட்டன. புதிய பறவை (1964) எடுத்துக்கொண்டது சிங்கப்பூர்க்காரரை. கோபால் பணக்காரர், பண்பாளர். ஆனால் சிங்கப்பூரில் மனைவி செத்த விதத்தை மூடி மறைத்தவர். தாதா மிராசியின் இயக்கமும் சிவாஜியின் கடைசிக் காட்சியும் சேர்ந்து அதை மறக்க முடியாத படமாக்கிவிட்டன. சௌகார் ஜானகி வந்து நிற்கும் காட்சியில் இன்றும் கூடம் அமைதியாகிறது. இருந்தாலும் ஒரு வழக்கத்தை அந்தப் படம் தொடங்கிவைத்தது. அக்கரையில் இருந்து வருபவரின் பெட்டிக்குள் பணம் இருக்கும், அதற்கு அடியில் ஏதாவது ஒரு பழியும் இருக்கும்.

அதற்கடுத்த காலத்தில் வெளிநாடு வெறும் காட்சியாயிற்று. உலகம் சுற்றும் வாலிபன் (1973) ஒசாகாவில் நடந்த எக்ஸ்போ 70ஐ எம்.ஜி.ஆரோடு காட்டியது, மதுரையில் பலர் ஜப்பானை முதலில் பார்த்தது அதில்தான். பிரியா (1978) லண்டனில் நடக்கும் சுஜாதாவின் கதையைச் சிங்கப்பூருக்கு நகர்த்தியது. நினைத்தாலே இனிக்கும் (1979) பாட்டுக் கச்சேரிக்காகவே அங்கே போய்வந்தது. மூன்றையும் பாட்டுக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தச் சிங்கப்பூரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள் பெரும்பாலும் ஓரமாகக் கடந்துபோகிறார்கள், அவ்வளவுதான். ஜீன்ஸ் (1998) ஓரளவுக்கு மாறுதல்: லாஸ் ஏஞ்சல்ஸில் ஓட்டல் நடத்தி, இரட்டைப் பிள்ளைகளை வளர்க்கும் நாச்சியப்பன் என்னும் தகப்பனாக நாசர் நடித்தார். உலக அதிசயங்களைச் சுற்றிவரும் பாட்டைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அடுப்படியில் நின்று காசு சேர்த்த அந்த மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை.

2000க்குப் பிறகு வந்தவர்தான் அமெரிக்க மாப்பிள்ளை. இம்மடல் எழுதப்படுவதே அவருக்காகத்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அவரது முழு உருவத்தையும் மின்னலே (2001) படத்தில் பார்க்கலாம். கௌதம் மேனனின் முதல் படம், ஹாரிஸ் ஜெயராஜுக்கும் முதல் படம்; பாட்டுகளைப் பற்றி இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. கதையில் ரீனாவுக்கு நிச்சயம் செய்திருப்பது அமெரிக்காவில் இருக்கும் ராஜீவ் சாமுவேல். அவர் வந்து சேர்வதற்கு முன் ராஜேஷ் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த வீட்டுக்குள் நுழைகிறான். அவர் பெயரிலேயே பழகுகிறான். அவர் பெயரிலேயே காதலிக்கிறான். நிஜ வாழ்க்கையில் இதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர். படத்தில் இதற்கு மாதவன் என்று பெயர், அதனால் மன்னிப்பு உண்டு. கடைசியில் விட்டுக்கொடுப்பவர் யார்? ஆள்மாறாட்டம் செய்தவன் அல்லன். தன் பெயரையும் பெண்ணையும் பறிகொடுத்த ராஜீவ். அப்பாஸ் அந்தப் பாத்திரத்தை மரியாதையாக நடித்தார். அந்த மரியாதையைப் பார்வையாளர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

அண்மையில் மதுரை வீடொன்றில் பண்டிகைப் பகலில் இந்தப் படம் தொலைக்காட்சியில் ஓடியது. ராஜீவ் விலகிக்கொள்ளும் இடத்தில் கூடமே கைதட்டியது. “போடா போ, போய் டாலரை எண்ணு” என்றார் ஒரு சித்தப்பா. அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அண்ணன் மகன் பின்னால் நாற்காலியில் இருந்தது அப்போதுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. வந்ததும் சிரிப்பு இரண்டு மடங்காயிற்று. அத்தை மட்டும் காப்பி வேண்டுமா என்று கேட்டார்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் மின்னலேயோடு அது நிற்கவில்லை என்பதுதான் பிரச்சினை. காதலன் ஊரில் இருப்பான். வீட்டில் பார்த்த மாப்பிள்ளை கலிபோர்னியாவில் இருப்பார். அவர் வரும்போது கையில் சாக்லேட் இருக்கும், தலை நடுவில் முடி இருக்காது. தமிழை மென்று பேசுவார். மொட்டை மாடியில் பெண்ணோடு தனியாகப் பேச ஐந்து நிமிடம் தருவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவள் தன் காதலைச் சொல்வாள், அவர் தலையாட்டுவார். இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் நாதஸ்வரம் நிற்கும், அவர் எழுந்துகொள்வார். அதற்கப்புறம் அவர் எங்கே போகிறார் என்று காட்டும் கேமரா தமிழில் இன்னும் வாங்கப்படவில்லை.

அவர் எங்கே போகிறார் என்பது விவரமாகவே தெரிந்த சேதி. சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று அமெரிக்காவில் மத்தியச் சட்டம் ஏதும் இல்லை. கம்பெனிகள் தாமாகத் தருவது பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று வாரம். அந்த வாரங்களைச் சேர்த்து வைத்துத்தான் மாப்பிள்ளை வந்திருக்கிறார். டல்லாஸ் வாசலிலிருந்து மதுரை வாசலுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் பயணம். உடம்பு நேரத்துக்குப் பழகவே ஒரு வாரம் போகும், மொட்டை மாடியில் அவர் மந்தமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். ஹெச்-1பி விசா மூன்றாண்டு, நீட்டித்தால் இன்னும் மூன்று. கிரீன் கார்டு வரிசையில் இந்தியர்களுக்குப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பிப் போவதற்கு முன் சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஏறி இறங்க வேண்டும். கல்யாணம் நின்றாலும் நேர்காணல் தேதி நிற்காது. மண்டபத்திலிருந்து எழுந்து போகும் மாப்பிள்ளை நேராகப் போவது அண்ணா மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த வரிசைக்குத்தான், கையில் சம்பளச் சீட்டோடு. இத்தனை சங்கடமும் ஒரு படத்துக்குப் போதாது என்று தமிழ்த் திரையுலகம் நினைக்கிறதா?

போனவர்கள் அங்கே சும்மாவும் இருக்கவில்லை. பாலம் கட்டுகிறார்கள், அறுவை சிகிச்சை செய்கிறார்கள், வங்கிகளின் கணக்கு ஒரு நொடியும் பிசகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பனி பெய்யும் நாளில் வாசலைத் தாங்களே வழித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளி நடத்துகிறார்கள். அங்கே வளரும் பிள்ளைகள் ழகரத்தை, மதுரையில் ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைவிட ஒழுங்காகவே சொல்கிறார்கள். இதைச் சொன்னால் ஊரில் கோபம் வரும், வரட்டும்.

மாப்பிள்ளை அல்லாத அமெரிக்கத் தமிழர்களின் நிலை இன்னும் மோசம். வேட்டையாடு விளையாடு (2006) கமல் நடித்த நல்ல துப்பறியும் படம். நியூயார்க்கில் இராகவன் நடந்து வரும் நடைக்காகவே அதைத் திரும்பப் பார்க்கலாம். அதில் நியூயார்க்கில் இருக்கும் தமிழர்களைக் கணக்கெடுத்தால் கொலையுண்ட தம்பதி, விவாகரத்துப் பெறும் ஆராதனா, தொடர் கொலை செய்யும் மருத்துவ மாணவர்கள் இளமாறன், அமுதன். இரவு சாம்பார் வைத்துத் தூங்கப் போகும் சாதாரண ஆள் ஒருவர்கூட அந்த ஊரில் இல்லை. நண்பன் (2012) படத்தில் சத்யன் நடித்த ஸ்ரீவத்சன் அமெரிக்காவிலிருந்து தன் வீட்டையும் காரையும் பீற்றிக்கொள்ளவே வருகிறான். அது இந்திப் படத்தின் நேர் மறுஆக்கம் என்பதால் பழி முழுவதும் தமிழுக்கு அன்று. ஆனால் அந்த இந்தியில்தான் 1995இல், தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கேயில், லண்டனில் வளர்ந்தவனே கதாநாயகனாகி, பஞ்சாபில் பார்த்து வைத்த மாப்பிள்ளையை ஓரங்கட்டிப் பெண்ணோடு ரயிலேறினான். தமிழில் அந்த ரயில் எப்போதும் எதிர்த் திசையிலேயே போகிறது.

கேலிக்கு மறுபக்கம் வழிபாடு. சிவாஜி (2007) படத்தில் ரஜினி அமெரிக்காவில் சம்பாதித்த இருநூறு கோடியோடு வந்து, இலவச மருத்துவமனையும் கல்லூரியும் கட்டப் பார்க்கிறார். லஞ்சம் அத்தனையையும் விழுங்குகிறது. ஒற்றை ரூபாய் நாணயத்திலிருந்து மறுபடி தொடங்குகிறார். ஷங்கரின் கைவண்ணத்தில் அது நன்றாகவே ஓடியது. அதன் பிறகு ஊருக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ரசீதுப் புத்தகம் நீட்டப்படுவதற்கு இந்தப் படத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கும்பாபிஷேக உபயம் அதற்கு முன்பே இருந்தது. கொடுப்பதில் யாருக்கும் வருத்தமில்லை. பெற்றவர்களைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியாதவர்கள் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கப் பணம் கொடுத்துத்தான் ஆறுதல் தேடுகிறார்கள். அதுவும் ஒரு படத்துக்கான கதைதான், எடுப்பதற்குத்தான் ஆளில்லை.

எடுத்தவர்கள் அறவே இல்லை என்பதும் சரியாகாது. நள தமயந்தி (2003) மௌலி இயக்கி, கமல் தயாரித்த படம். பாலக்காட்டுச் சமையல்காரன் ராம்ஜி ஆஸ்திரேலியாவுக்குப் போய், அங்கே தங்குவதற்காக ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொள்கிறான். அது உண்மையான கல்யாணம்தானா என்று குடியேற்ற அதிகாரிகள் வந்து துருவுகிறார்கள். மாதவன் இங்கே மின்னலேயில் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்துவிட்டார். சிரிப்புப் படம்தான், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுவை; ஆனாலும் விசா என்ற ஒன்றுக்கு மனிதனின் கழுத்தைப் பிடிக்கும் வலு உண்டு என்று தெரிந்து எடுத்த படம். அருண் வைத்தியநாதனின் அச்சமுண்டு! அச்சமுண்டு! (2009) நியூஜெர்சியிலேயே எடுக்கப்பட்டது. பிரசன்னா, சினேகா, ஒரு பெண் குழந்தை. வீட்டுக்கு வர்ணம் அடிக்க வருபவனால் குழந்தைக்கு ஆபத்து. பதற்றம் முழுவதும் சமையலறைக்கும் நிலவறைக்கும் நடுவில்தான். வாரநாளில் கணவன் மனைவி பேசிக்கொள்ளும் சில்லறைப் பேச்சு அப்படியே இருக்கிறது. அந்தப் பேச்சுக்காக மட்டுமே அதை ஊரில் உள்ளவர்கள் பார்க்கலாம்.

வளைகுடாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால் அமெரிக்க மாப்பிள்ளையின் குறை சொகுசுக்காரன் குறைதான். பத்தாம் வகுப்பு முடிக்காமல் வேலைக்குப் போகிறவர் வளைகுடா நாடுகளுக்குப் போக, 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி அரசின் அனுமதி பெற வேண்டும். இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அந்த அனுமதிக்கு அலையாத தெருவே இருக்காது. இவ்வளவு பேர் போயும் தமிழில் அவர்களுக்கென்று சொல்லத்தக்க படம் மரியான் (2013) ஒன்றுதான் உடனே நினைவுக்கு வருகிறது. குமரி மாவட்ட மீனவன் கடனை அடைக்கச் சூடானுக்குப் போய்க் கடத்தப்படுகிறான். அதுவும் வளைகுடா அன்று, ஆப்பிரிக்கா. தனுஷ் உயிரைக் கொடுத்து நடித்தார். கடத்தலுக்குப் பின் படம் பாலைவனத்தில் வழி தவறியது.

மலையாளிகள் இந்த இடத்தில் பல படி முன்னே நிற்கிறார்கள். நாடோடிக்காற்று (1987) கள்ளத் தோணியில் துபாய் போகக் காசு கொடுத்த இருவரைச் சென்னைக் கடற்கரையில் இறக்கிவிட்டது. அரபு உடையில் அவர்கள் நிற்கும் நிலையைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை, ஆனால் அது ஏமாந்தவனோடு சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. வரவேல்பு (1989) திரும்பி வந்தவன் வாங்கிய பஸ் அவனையே தின்ற கதை. பத்தேமாரி (2015) மம்மூட்டியின் நாராயணனை இளைஞனாகத் தோணியில் அனுப்பிச் சவப்பெட்டியில் திருப்பிக் கொண்டுவந்தது. பென்யாமின் நாவலிலிருந்து வந்த ஆடுஜீவிதம் (2024) சவூதிப் பாலைவனத்தில் ஆடு மேய்க்க அடிமைப்பட்டவனைக் காட்டியது. கேரளத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் போயிருப்பதால்தான் இது நடக்கிறது என்பார்கள். தென் தமிழ்நாட்டில் எத்தனையோ கிராமங்கள் அப்படித்தான் இருக்கின்றன.

தோட்டத் தொழிலாளர்களாகவும் அகதிகளாகவும் போனவர்களுக்கு நிலைமை சற்றே மேல். கபாலி (2016) வெளிவந்தபோது மதுரையில் அதன் மீது வருத்தம், ரஜினி அடிக்கவில்லை என்று. மலேசிய ரப்பர்த் தோட்டத்துத் தமிழர்களின் கூலிப் போராட்டத்தைப் பெரிய நட்சத்திரத்தின் வாயால் சொல்லவைத்தது பா. இரஞ்சித்தின் துணிவு, மனைவியைத் தேடி அவர் புதுச்சேரிக்கு வரும் பகுதி அந்தப் படத்தின் உயிர். ரவுடிச் சண்டையாக முடிந்ததுதான் குறை. தெனாலி (2000) ஈழத்து அகதியின் அச்சத்தை நகைச்சுவையாக்கியது. கமலின் திறமையில் சந்தேகமில்லை, மூன்று மணி நேரமும் சிரித்துக்கொண்டே இருக்க முடிந்ததா என்பது வேறு கேள்வி. தீபன் (2015) பிரெஞ்சுக்காரர் ழாக் ஓதியார் எடுத்தது. பெரும்பகுதி தமிழில் பேசும் அந்தப் படம் கான் விழாவில் தங்கப் பனை வாங்கியது. பாரிஸ் புறநகரில் அடுக்குமாடிக் காவலாளியாகத் தபால் பெட்டிகளைச் சரிசெய்யும் மனிதனாக எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்தார். முடிவில் துப்பாக்கி தேவையே இல்லை. தபால் பெட்டியே போதும்.

டூரிஸ்ட் ஃபேமிலி (2025) இவற்றில் புதியது. பொருளாதார நெருக்கடியிலிருந்து தப்பி இலங்கையிலிருந்து தோணியில் வந்த குடும்பம் சென்னையில் ஒரு தெருவில் ஒளிந்து வாழ்கிறது. தெருவே அவர்களுக்கு உறவாகிறது. சசிகுமாரும் சிம்ரனும் அடக்கமாக நடித்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் எல்லாரும் அநியாயத்துக்கு நல்லவர்களாக இருப்பது மட்டும் நெருடுகிறது. ஊரில் உள்ள பலர் அந்தப் படத்துக்கு அழுதார்கள், தொலைபேசியில் சொல்லிச் சொல்லி அழுதார்கள். தங்களிடம் வந்து சேர்ந்தவர்களுக்காக இவ்வளவு உருகத் தெரிந்தவர்கள், தங்களிடமிருந்து போனவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் வைக்கலாம். ஒரு துளி போதும்.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களும் இதில் பங்காளிகள்தான். பெரிய நடிகர் படம் என்றால் அமெரிக்காவில் இந்தியாவுக்கு முந்தைய நாள் மாலையே காட்சி. உள்ளூர் டிக்கெட்டைவிட இரண்டு மடங்கு விலை. தியேட்டருக்குள் காகிதத் துண்டு பறக்கும், துடைப்பவர்களுக்குத் தனியாகக் கட்டணம் கட்ட வேண்டிவரும். அச்சமுண்டு மாதிரிப் படத்துக்கு அந்தக் கூட்டம் வராது. எனவே தயாரிப்பாளர்கள் மேல் மட்டும் பழி போட்டுப் பயனில்லை. ஆனால் கதை எழுதுகிறவர்கள் இன்னும் மதுரையிலிருந்துதான் கிளம்புகிறார்கள். தேனி, திண்டுக்கல், உசிலம்பட்டியிலிருந்து வடபழனிக்குப் பஸ் ஏறுகிறார்கள். அவர்களில் பலருக்கு அண்ணனோ மைத்துனனோ சார்ஜாவிலோ சியாட்டிலிலோ இருப்பார்கள். அவர்களிடம் ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம்: நின்றுபோன கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை விமானத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்தார், அறைக்குத் திரும்பி முதலில் என்ன சமைத்தார், அம்மாவிடம் போனில் என்ன சொன்னார்.

விவரம் வேண்டுவோருக்கு டல்லாஸிலிருந்து இம்மடலை எழுதுபவர் எப்போதும் கிடைப்பார். விசாப் படிவங்கள், விமான வழிகள், வாடகைக் கணக்கு, சமையல் என்று எதைப் பற்றியும் தரவு தர முடியும். கட்டணம் கிடையாது, படத்தின் முடிவில் நன்றி அட்டையும் வேண்டாம். கோடையில் இந்திய நேரம் காலை ஆறரைக்கு அழைத்தால் சௌகரியம். டல்லாஸில் அது முந்தைய நாள் இரவு எட்டு மணி.